பாண்டியிலிருந்து பாரிஸ்: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம்?

வைசியாள்_வீதி கேட்டது:

வணக்கம். அம்மாவை ஜனவரியில் பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி, சர்க்கரைக்கு மாத்திரை. தனியாகத்தான் போகிறார். அம்மாவிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், அக்காவிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்.

புதுச்சேரி – பாரிஸ் தூரம் தேடினால் ஓரிடத்தில் 8,090 என்கிறது, இன்னோரிடத்தில் 5,030, வேறோரிடத்தில் 4,370. பறக்கும் நேரமும் அப்படித்தான்: 9 மணி நேரம் என்று ஒன்று, பத்தரை என்று ஒன்று. டிக்கெட் தளத்தில் பார்த்தால் சென்னையில் 04:00 புறப்பாடு, பாரிஸில் 13:15 இறக்கம், நடுவில் தோஹா. அப்படியானால் எல்லாம் சேர்த்து ஒன்பதேகால் மணி நேரம்தானா? எந்த எண்ணை நம்பித் திட்டம் போடுவது? எந்த வழி அம்மாவுக்குச் சுலபம்? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

முதுநகர்_மாலுமி:

மூன்று எண்ணும் ஒரே தூரம்தான், அலகுதான் வேறு. 8,090 கிலோமீட்டர், 5,030 மைல், 4,370 கடல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் கடல் மைலில்தான் கணக்குப் பார்ப்பார்கள். பூமியின் மேல் ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கி.மீ. பாண்டிக்கும் பாரிஸுக்கும் இடையே பூமியின் வளைவில் கிட்டத்தட்ட 73 பாகை. 73-ஐ அறுபதால் பெருக்கினால் 4,380, கையாலேயே சரிபார்த்துவிடலாம்.

ஆனால் அது பாண்டி ஊர் நடுவிலிருந்து பாரிஸ் ஊர் நடு வரை. அம்மா ஏறப்போவது மீனம்பாக்கத்தில், இறங்கப்போவது ருவாசியில் உள்ள சார்ல் த கோல் நிலையத்தில். அந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 8,020 கி.மீ.

இந்த 8,020 எந்த வழி என்று கேட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் சென்னையையும் பாரிஸையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு அரபிக்கடல், சவுதி வழியாகப் போகும். அது குறுக்கு வழி இல்லை. ஒரு பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு குண்டூசி, பாரிஸில் ஒரு குண்டூசி, நடுவில் ஒரு தையல் நூல். நூலைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால் அது தானே வடக்கே ஏறிக்கொள்ளும். சென்னையிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, மும்பைக்குச் சற்று வடக்கே டாமன் பக்கம் கரையைத் தொட்டு, கட்ச், சிந்து, பலூசிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடலின் தென்மேற்கு மூலை, காகசஸ், கருங்கடலில் கிரிமியாவுக்குக் கொஞ்சம் தெற்கு, பிறகு ருமேனியா, ஜெர்மனி, பாரிஸ். அந்த நூல்தான் 8,020.

அந்த நூலின் மேல் எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை. வழியில் உள்ள வான்வெளிகளில் எது திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வளைந்து போகும். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது அதனால்தான். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்தே பயணிகள் விமானங்களுக்கு இல்லை.

இடையில் ஓரிடம் இறங்கிப் போனால் ரொம்பச் சுற்று என்ற பயம் வேண்டாம். கணக்கு இதோ, எல்லாம் கிலோமீட்டரில் நேர்த்தூரம்:

சென்னை – துபாய் 2,930, துபாய் – பாரிஸ் 5,240, மொத்தம் 8,170.
சென்னை – தோஹா 3,290, தோஹா – பாரிஸ் 4,970, மொத்தம் 8,260.
சென்னை – பிராங்பர்ட் 7,590, அங்கிருந்து பாரிஸ் சுமார் 450, மொத்தம் 8,040.
சென்னை – டெல்லி 1,760, டெல்லி – பாரிஸ் 6,570, மொத்தம் 8,330.

துபாய் வழியில் கூடுதல் 150 கி.மீ., அதாவது வானத்தில் பத்து நிமிடம். நேரத்தைத் தின்பது தூரம் இல்லை. ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் வேகம் குறைப்பது, ஓடுபாதையில் ஊர்வது, மறுபடி உயரம் பிடிப்பது, அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது, இவைதான்.

லாஸ்பேட்டை_ஓடுபாதை:

மாலுமி சார் தூரத்தைச் சொல்லிவிட்டார். நேரத்தை நான் சொல்கிறேன்.

9 மணி நேரம் என்று காட்டும் தளம் 8,090-ஐ 900-ஆல் வகுத்துவிட்டு நின்றுவிடுகிறது. பத்தரை என்று காட்டும் தளம் 5,030 மைலை 500-ஆல் வகுத்து அரை மணி கூட்டுகிறது. இரண்டாவது உண்மைக்கு அருகில் இருக்கிறது, ஆனால் அதுவும் இடைநில்லாமல் பறந்தால் மட்டும். அதிலும் போகும் திசையைக் கணக்கில் எடுப்பதில்லை.

காற்றில்லாத நிலையில் பெரிய ஜெட்டின் வேகம் மணிக்கு 900 கி.மீ. அளவில். 10 முதல் 12 கி.மீ. உயரத்தில், வட இந்தியாவிலிருந்து ஐரோப்பா வரை மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்றோடை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் அது தெற்கே இறங்கி வலுத்து வீசும். ஜனவரியில் பாரிஸ் போகிறவருக்கு இது எதிர்க்காற்று, திரும்பி வருகிறவருக்குப் பின்காற்று. வழி முழுக்கச் சராசரியாக 60 கி.மீ. எதிர்த்தது என்று வைத்தால் தரைவேகம் 840, 8,020 கி.மீ.க்கு ஒன்பதரை மணி. அதே 60 பின்னாலிருந்து தள்ளினால் தரைவேகம் 960, எட்டேகால் மணி சொச்சம். ஒரே பாதையில், ஒரே விமானத்தில், போகவும் வரவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வருவது இதனால்தான்.

டிக்கெட்டில் போடும் நேரம் சக்கரம் நகரத் தொடங்குவதிலிருந்து மறு ஊரில் வாசலில் நிற்பது வரை. ஆகவே பறக்கும் நேரத்தோடு 30 முதல் 45 நிமிடம் சேரும். மனக்கணக்குக்கு நான் வைத்திருக்கும் வாய்பாடு: கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். மேற்கே போகும் நீண்ட பயணம் என்றால் இன்னும் 30 – 40 நிமிடம் கூட்டுங்கள், கிழக்கே வருவதென்றால் அதே அளவு கழியுங்கள். சென்னை – பாரிஸ் நேராகப் பறந்தால் போக பத்தரை மணி, வர ஒன்பதரை மணி என்று வரும்.

ஒரு விதிவிலக்கும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் சென்னை அட்சரேகைக்கு மேலே காற்று தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். வெப்பமண்டலக் கீழைக் காற்றோடை என்பார்கள். அதை 1958-இல் விளக்கி எழுதியவர் நம் இந்திய வானிலை அறிஞர் கோடேஸ்வரம். அதன் உச்சம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், அந்த மாதங்களில் சென்னையிலிருந்து வளைகுடா போகும் முதல் கட்டத்தில் கொஞ்சம் தள்ளிவிடும்.

மஞ்சக்குப்பம்_டிக்கெட்:

ஒன்பதேகால் மணி இல்லை தம்பி. புறப்பாட்டு நேரம் சென்னைக் கடிகாரம், இறங்கும் நேரம் பாரிஸ் கடிகாரம். இரண்டையும் கழித்தால் வருவது எதற்கும் உதவாத எண். நீங்கள் சொன்ன அதே டிக்கெட்டை ஒவ்வொரு கட்டமாகப் பிரிப்போம்.

சென்னை 04:00. அப்போது தோஹாவில் 01:30, ஏனென்றால் தோஹா நமக்கு இரண்டரை மணி பின்னால். பயணம் 4 மணி 45 நிமிடம், தோஹா கடிகாரத்தில் 06:15-க்கு இறக்கம். இரண்டு மணி நேரக் காத்திருப்பு, 08:15-க்குப் புறப்பாடு. பாரிஸுக்கு 7 மணி நேரம், தோஹா கடிகாரத்தில் 15:15. குளிர்காலத்தில் பாரிஸ் தோஹாவுக்கு இரண்டு மணி பின்னால், அதனால் டிக்கெட்டில் 13:15. நம் ஊர்க் கடிகாரத்தில் அப்போது மாலை 5:45. ஆக மொத்தம் 13 மணி 45 நிமிடம். இதில் விமானத்துக்குள் இருப்பது பதினொன்றே முக்கால் மணி.

திரும்பும்போது பாரிஸ் 15:30 கிளம்பினால், ஆறரை மணி, இரண்டு மணி காத்திருப்பு, நாலேகால் மணி என்று கூட்டி மறுநாள் காலை 08:45-க்குச் சென்னை. கடிகாரத்தில் 17 மணி 15 நிமிடம் போலத் தெரியும், உண்மையில் 12 மணி 45 நிமிடம்தான்.

இதைவிட ஆபத்தான தப்பு ஒன்று உண்டு, வருடா வருடம் யாராவது மாட்டுகிறார்கள். டிக்கெட்டில் "ஜனவரி 22, 04:00" என்று இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 21-ஆம் தேதி இரவு. 22 காலை எழுந்து பெட்டி கட்டலாம் என்று இருந்தால் விமானம் அதற்குள் அரபிக்கடலைத் தாண்டியிருக்கும். வீட்டுக் காலண்டரில் 21-ஆம் தேதிக் கட்டத்தில் "இரவு 9 மணிக்குக் கார்" என்று பேனாவால் எழுதி வையுங்கள். கார் சொல்லும்போதும் தேதியோடு கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழி எது என்றால், 68 வயது, தனியாக, முட்டிவலி. ஒரே ஒரு மாற்றம் உள்ள பயணம், இரண்டு கட்டமும் ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே முன்பதிவு எண். இந்த இரண்டும் கட்டாயம். ஒரே பிஎன்ஆர் என்றால் பெட்டி சென்னையிலேயே பாரிஸ் வரை சீட்டு ஒட்டிப் போய்விடும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றும் பொறுப்பு அவர்களுடையது. விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் முழுப் பணமும் போகும்.

காத்திருப்பு இரண்டு முதல் மூன்றரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். ஒன்றேகால் மணி என்று தளம் விற்கும். இளவட்டங்களுக்குச் சரி, சக்கர நாற்காலியில் போகிறவருக்குப் போதாது. அவர் எல்லாப் பயணிகளும் இறங்கிய பிறகே இறங்குவார், அதிலேயே 20 நிமிடம் போகும். மாறும் இடத்தில் மறுபடி பாதுகாப்புச் சோதனையும் உண்டு.

பிராங்பர்ட் வழி போனால் தெரிந்துகொள்ள வேண்டியது: ஜெர்மனியும் பிரான்ஸும் சேர்ந்த ஷெங்கன் பொது எல்லைக்குள் நுழையும் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும், பாரிஸில் இல்லை. வரிசையில் நிற்பது மாற்று விமானத்துக்கு முன்னால் என்பதால் இரண்டரை மணிக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும். லண்டன் வழி வேண்டவே வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் குறுகிய கால ஷெங்கன் விசா மட்டும் இருந்தால், வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே பிரிட்டன் தனி டிரான்சிட் விசா கேட்கும். அது இல்லாவிட்டால் சென்னைக் கவுண்டரிலேயே ஏற்ற மாட்டார்கள்.

பெங்களூரிலிருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ் நேராகப் போகிறது, தூரமும் 200 கி.மீ. குறைவு. ஆனால் பாண்டியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை சாலையில் ஏழு மணி நேரம் பிடிக்கும், அம்மாவின் முட்டிக்கு அது விமானத்தைவிட மோசம். பாண்டியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கு 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் சிறிய ஏடிஆர் விமானம் பறக்கிறது, அதில் போகலாமே என்று தோன்றும். தனி டிக்கெட்டாக எடுத்தால் உள்நாட்டு விமானத்தில் பெட்டி 15 கிலோ. பாரிஸ் டிக்கெட்டில் பெரும்பாலும் 23 கிலோ, சிலவற்றில் அப்படி இரண்டு பெட்டி. அதிகப்படி எடைக்குக் கட்டும் பணத்தில் சென்னைக்கே கார் பிடித்துவிடலாம்.

வைசியாள்_வீதி:

மிக்க நன்றி அண்ணா, தலை தெளிந்தது. இரண்டு சந்தேகம். விசா தள்ளிப்போய் ஏப்ரலில் போக நேர்ந்தால் இந்தக் கணக்கு மாறுமா? அப்புறம், 9 மணிக்குக் கிளம்பினால் ரொம்பச் சீக்கிரம் இல்லையா, பாண்டி – சென்னை மூன்று மணி நேரம்தானே?

நெல்லித்தோப்பு_88:

எப்போது போனாலும் நம்ம நேரத்திலிருந்து நாலரை மணி கழித்தால் பாரிஸ் நேரம். அவ்வளவுதான்.

லா_ஷப்பேல்_வாசி:

நெல்லித்தோப்பு சொன்னது பாதி வருடத்துக்குத்தான் சரி. பிரான்ஸில் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். 2026-இல் மார்ச் 29, அக்டோபர் 25. அந்த இடைப்பட்ட காலத்தில் வித்தியாசம் மூன்றரை மணி. தோஹாவும் துபாயும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆகவே ஏப்ரலில் அதே விமானம் அதே நேரத்துக்குக் கிளம்பினால் பாரிஸ் கடிகாரத்தில் 14:15-க்கு இறங்கும். பயண நேரம் மாறவில்லை, ஊர்க் கடிகாரம்தான் மாறியது. மார்ச் கடைசி வாரத்தில் போகிறவர்கள் டிக்கெட்டை மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். விமான நிறுவனங்கள் கோடை அட்டவணைக்கு மாறுவதும் அதே ஞாயிறுதான், நேரங்கள் மொத்தமாக நகரும்.

இறங்கிய பின் ஆகும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்தது. முதல் முறை வருகிறவருக்கு முகப் படம் எடுப்பார்கள். விசா எடுக்கும்போதே அம்மா கைரேகை கொடுத்திருப்பார், அதைச் சரிபார்க்க விரலை வைக்கச் சொன்னால் வைத்தால் போதும். வரிசை நீளும் நாட்களில் ஒரு மணி நேரம் ஆகலாம். சக்கர நாற்காலிக்கு வேறு வரிசை உண்டு, அது பெரிய உதவி.

கையில், அதாவது தோள்பையில், பெட்டியில் இல்லை, இவை இருக்கட்டும்: திரும்பும் டிக்கெட், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, அக்கா தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) வாங்கி அனுப்பிய தங்குமிடச் சான்று. நம் கடற்கரைச் சாலையில் ஒரு மேரி இருப்பது போல அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மேரி. அந்தச் சான்றின் அசல் வேண்டும், நகல் போதாது. அக்காவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் பிரெஞ்சில் ஒரு தாளில்.

பெட்டியில் பால்கோவா, நெய், மட்டன் சுக்கா என்று எதையும் அடுக்க வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டுவரத் தடை. கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. பொடி வகை, அப்பளம், வத்தல் தாராளமாக வரலாம். இங்கே பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பேலில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கிறது, அம்மா தூக்கிச் சுமக்க வேண்டியதே இல்லை.

வில்லியனூர்_ஸ்டியரிங்:

சாலைக் கணக்கு என் பங்கு. பாண்டியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு இரண்டு வழி. திண்டிவனம் வழியாக ஜிஎஸ்டி சாலை, சுமார் 145 கி.மீ. ஈசிஆரில் மரக்காணம், மாமல்லபுரம், பிறகு கேளம்பாக்கம் – வண்டலூர் சாலையில் திரும்பி ஜிஎஸ்டியைப் பிடிப்பது, 150-ஐத் தாண்டும். இரவு 9 மணிக்கு மேல் என்றால் திண்டிவனம் வழியைத்தான் சொல்வேன். நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால் எதிரே வரும் வெளிச்சம் கண்ணில் அடிக்காது. ஈசிஆரில் இருட்டில் மாடு குறுக்கே நிற்கும்.

சாலை காலியாக இருந்தால் மூன்று மணி நேரம். காலியாக இல்லாத நாட்கள்தான் பிரச்சினை. ஞாயிறு மாலை முழுத் தென் மாவட்டமும் சென்னைக்குத் திரும்பும். ஆத்தூர் சுங்கச்சாவடி, பரனூர் சுங்கச்சாவடி, சிங்கப்பெருமாள்கோயில், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர், ஒவ்வொன்றிலும் வண்டி ஊரும். ஜனவரி என்கிறீர்கள், காணும் பொங்கலுக்கு மறுநாளும் அதற்கடுத்த ஞாயிறும் டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் ஐந்தரை மணி நேரம் கணக்கு வையுங்கள். கடலூரிலிருந்து வருகிறவர்கள் இன்னும் ஒரு மணி கூட்ட வேண்டும். 25 கி.மீ.தான், ஆனால் அரியாங்குப்பம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை நான்கையும் தாண்டியாக வேண்டும்.

போகிப் பண்டிகை விடியற்காலையும் வேண்டாம். எரிக்கிற புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போகும். 2018 போகியில் சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பி விட்டார்கள்.

கணக்கு இப்படி: 04:00 விமானம். கவுண்டர் 03:00-க்கு மூடிவிடும். சக்கர நாற்காலி கேட்டிருப்பதால் 01:00-க்கு உள்ளே இருக்க வேண்டும். 9 மணிக்குக் கிளம்பினால் சாதாரண நாளில் நள்ளிரவு 12-க்கு வாசலில். அந்த மீதி ஒரு மணி நேரம் டயர் பஞ்சருக்கும் பரனூர் வரிசைக்கும். இதைக் குறைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பேருந்தில் வந்தால் ஜிஎஸ்டி வழி வண்டிகள் கிளாம்பாக்கத்தில் நிற்கும், அங்கிருந்து இன்னும் 15 கி.மீ. அளவு. ரயிலில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்தால் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நாலாவது நிலையம் திரிசூலம், எதிரே விமான நிலையம். தோளில் ஒரு பையோடு போகும் ஆளுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் நள்ளிரவுக்கு மேல் மின்சார ரயில் ஓடாது, பெட்டியோடு சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். அம்மாவுக்குக் காரே.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நவம்பர், டிசம்பரில் போவதானால் முந்தின நாள் பகலிலேயே தாம்பரம், பல்லாவரம் பக்கம் போய்த் தங்கிவிடுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயல் நம் ஊர்க் கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள், அடுத்த இரண்டு நாளில் விழுப்புரம் அருகே நெடுஞ்சாலையின் மேல் வெள்ளம் ஓடியது.

மஞ்சக்குப்பம்_டிக்கெட்:

தூரக் கணக்கு பணமாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது, அதையும் பதிந்து வைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, விமான நிறுவனத்தின் தவறால் கடைசி ஊரை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால் பயணிக்கு இழப்பீடு உண்டு. தொகை தூரத்தைப் பொறுத்தது. 3,500 கி.மீ.க்கு மேல் என்றால் 600 யூரோ, தாமதம் நாலு மணி நேரத்துக்குள் என்றால் பாதியாகக் குறைக்கலாம். அந்தத் தூரத்தை எப்படி அளப்பது என்று வழக்கு வந்தது. விமானம் சுற்றிப் போன வழி கணக்கில்லை, முதல் புறப்பாட்டு இடத்துக்கும் கடைசி ஊருக்கும் உள்ள நேர்த்தூரம்தான் கணக்கு என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. மாலுமி சார் குண்டூசி குத்திக் காட்டிய அதே நூல்தான்.

யாருக்குப் பொருந்தும்? பாரிஸிலிருந்து கிளம்பும் எந்த நிறுவன விமானத்துக்கும் பொருந்தும், ஒரே பிஎன்ஆராக இருந்தால் தோஹாவில் மாறுவதும் அடங்கும். சென்னையிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கு மட்டும். வளைகுடா நிறுவனத்தில் போகும் வழிக்குக் கிடையாது, வரும் வழிக்கு உண்டு. புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்குப் பணம் வராது, ஆனால் சாப்பாடும் தங்க அறையும் கொடுத்தாக வேண்டும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், கடைசியாக 48 மணி நேரத்துக்கு முன்பு. மூன்று வகை உண்டு: படியேற முடியும் ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது, படியும் ஏற முடியாது, இருக்கை வரைக்கும் தூக்கிப்போக வேண்டும். முட்டிவலிக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள். முதலாவதைப் போட்டுவிட்டால், பேருந்தில் கொண்டுபோய் விமானத்தின் படிக்கட்டில் ஏறச் சொல்லும் இடத்தில் அம்மா சிரமப்படுவார். மாறும் ஊரில் இறங்கும்போது இருக்கையை விட்டு எழாமல் காத்திருந்தால் ஆள் வாசலுக்கு வருவார். கூட்டத்தோடு அவர் நடந்து வெளியேறிவிட்டால் நாற்காலிக்காரர் வெறும் வாசலில் தேடிக்கொண்டிருப்பார், மாற்று விமானம் தவறுவது இப்படித்தான்.

வைசியாள்_வீதி:

கடைசியாக ஒன்று. மாத்திரை நேரம் எப்படி வைப்பது? அக்காவை எத்தனை மணிக்கு வந்து நிற்கச் சொல்ல?

லா_ஷப்பேல்_வாசி:

மாத்திரைக்கு: மேற்கே போவதால் அம்மாவின் அந்த நாள் 24 மணி இல்லை, இருபத்தெட்டரை மணி. வீட்டில் சாப்பிடும் மூன்று வேளை, விமானத்தில் கொடுக்கும் உணவு நேரம், பாரிஸ் இரவு உணவு, எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டி, எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று அவர் கையாலேயே குறித்து வாங்குங்கள். இறங்கும் வரை அம்மாவின் கைக்கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடட்டும், நடுவில் தோஹாவுக்கு ஒருமுறை மாற்றினால் குழப்பம். டிக்கெட்டில் சர்க்கரை நோயாளிக்கான உணவைத் தேர்ந்தெடுக்கலாம். மருந்துச் சீட்டும் மாத்திரையும் தோள்பையில், பெட்டி தாமதமானாலும் மாத்திரை கையில் இருக்கும்.

அக்காவுக்கு: 13:15 இறக்கம் என்றால் அம்மா வெளியே வருவது 14:30-இலிருந்து 15:00-க்குள். அக்கா 14:15-க்கு வந்தால் போதும். கிளம்பும் முன் விமான எண்ணைப் போட்டு எந்த டெர்மினல் என்று அன்றைக்கே பார்க்கட்டும், முந்தின மாதம் அச்சடித்த டிக்கெட்டை நம்ப வேண்டாம். ருவாசியில் 1, 2, 3 என்று டெர்மினல்கள் தனித்தனிக் கட்டடங்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டால் இலவசமாக ஓடும் குட்டி ரயிலில் மாறலாம். ஆர்.இ.ஆர். பி (RER B) புறநகர் ரயிலில் வருகிறவர்களுக்கு நிலையம் இரண்டு: ஒன்று டெர்மினல் 2-க்கு, இன்னொன்று 1-க்கும் 3-க்கும். அம்மாவைக் கூட்டிப்போகும்போது ரயில் வேண்டாம். கார் து நோர் (Gare du Nord) ரயில் நிலையத்தில் படிகள் அதிகம், கூட்டமும் தள்ளும். வாசலில் வரிசையில் நிற்கும் டாக்சியில் பாரிஸ் நகரத்துக்குள் எங்கே போனாலும் கட்டணம் நிர்ணயித்தது, ஆற்றின் வலக்கரைக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. உள்ளே கூடத்தில் வந்து "டாக்சியா?" என்று கேட்பவர்களோடு போக வேண்டாம். நாற்காலி தள்ளி வருபவர் அம்மாவை வருகைக் கூடத்தில்தான் ஒப்படைப்பார், அதனால் அக்கா காரிலேயே உட்கார்ந்திருக்காமல் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு எதிரே நிற்கட்டும்.